பழைய எக்ஸ்டெண்டரும் புதிய ரூட்டரும் ஒத்துப்போகுமா?

மாணவர்களே, ஒரு வீட்டில் அகலப்பட்டை இணைப்பை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் புதிய ரூட்டர் பொருத்தப்படுகிறது. கூடத்தில் இணையம் விரைவாக வருகிறது. ஆனால் பிள்ளைகள் படிக்கும் மாடி அறையில் ஒன்றும் வரவில்லை. அந்த அறைக்கு இதுநாள் வரை அலையைக் கொண்டுவந்து கொடுத்த பழைய எக்ஸ்டெண்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது.

"பழசு அது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு" என்பார் ஒருவர். "ரூட்டரின் பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடு, சேர்ந்துகொள்ளும்" என்பார் மற்றொருவர். முதல் யோசனையால் நல்ல கருவி ஒன்று குப்பைக்குப் போகக்கூடும். இரண்டாவது யோசனையோ வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். எது சரி என்பதை அறிய, இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்டெண்டர் செய்யும் வேலை

வைஃபை என்பது வானொலி அலையே. வானொலி அலை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்கிறது. வைஃபை நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். 30 கோடியை 240 கோடியால் வகுத்தால் 0.125 மீட்டர் கிடைக்கும். ஆகவே இதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 6 சென்டிமீட்டர்தான். பொதுவாக, அதிர்வெண் கூடக்கூடச் சுவரைக் கடக்கும்போது அலை அதிகமாக நலிவடைகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இரண்டையுமே வெகுவாகத் தடுத்துவிடும்.

இவ்வாறு நலிந்துபோகும் செய்தியை நடுவழியில் வாங்கி, மீண்டும் வலுவாக அனுப்புவதே எக்ஸ்டெண்டரின் வேலை. கட்டட வேலையில் செங்கல்லைக் கை மாற்றிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்பவர் ஒரு பக்கம் வாங்குகிறார், மறுபக்கம் கொடுக்கிறார். எக்ஸ்டெண்டருக்கும் இதேபோல் இரண்டு முகங்கள் உண்டு. உங்கள் கைப்பேசிக்கு அது ஒரு ரூட்டர்போலத் தோன்றும். ரூட்டருக்கோ அது இன்னொரு கைப்பேசிபோலத் தோன்றும். இந்த இரட்டை வேடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

தலைமுறைகள்

எந்த நிறுவனம் செய்த கருவியானாலும் ஒன்றோடொன்று பேசவேண்டுமானால் பொது விதி வேண்டும். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 1997-இல் '802.11' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. அப்போதைய உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் வந்த 'பி' வகை 11 மெகாபிட்டையும், 2003-இல் வந்த 'ஜி' வகை 54 மெகாபிட்டையும் எட்டின. 2009-இல் 'என்' வகை வந்தது. இது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு பட்டைகளிலும் இயங்கவல்லது. 2013-இல் வந்த 'ஏசி' வகை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. 2021-இல் விதியாக ஏற்கப்பட்ட 'ஏஎக்ஸ்' வகை மீண்டும் இரு பட்டைகளுக்கும் பொதுவானது.

இந்த எழுத்துகள் மக்களைக் குழப்பியதால், 2018-இல் 'என்' வகைக்கு வைஃபை 4 என்றும், 'ஏசி' வகைக்கு வைஃபை 5 என்றும், 'ஏஎக்ஸ்' வகைக்கு வைஃபை 6 என்றும் எளிய பெயர்கள் இடப்பட்டன. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு இதுதான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் வைஃபை 4 எக்ஸ்டெண்டர் ஒன்று. அதன் எதிரே வைஃபை 6 ரூட்டர் ஒன்று.

புதியது பழைய மொழி பேசுகிறது

ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன் ஒரு மணியோசை எழுகிறது. பின்னால் வரும் மொழி எல்லாருக்கும் புரியாது. ஆனால் மணியோசை எல்லாருக்கும் புரியும். "யாரோ பேசப்போகிறார்கள்" என்று பேச்சை நிறுத்துகிறோம்.

வைஃபையிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. புதிய தலைமுறைக் கருவி செய்தி அனுப்பும்போது, முதல் 20 மைக்ரோ நொடிகளுக்குப் பழைய 54 மெகாபிட் கருவிகளுக்கும் புரியக்கூடிய ஒரு முன்னுரையை அனுப்புகிறது. "நான் இவ்வளவு நேரம் பேசுவேன்" என்ற குறிப்பு அதில் இருக்கிறது. பழைய கருவி அதைப் படித்து, அந்த நேரம் முடியும்வரை வாய் திறவாமல் இருக்கும். பழைய கருவியோடு பேசவேண்டிய முறை வரும்போது, புதிய ரூட்டர் முழுச் செய்தியையும் பழைய முறையிலேயே அனுப்பும்.

மேலும் ரூட்டர், நொடிக்குப் பத்து முறை அளவில், "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது, என் திறமைகள் இவை" என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு திறமையின் முன்னும் அதன் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். புரியாத பகுதியை நீளம் பார்த்துத் தாண்டிச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே 2009-ஆம் ஆண்டுக் கருவிகூட 2021-ஆம் ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட முடியும். சில பழைய கருவிகளின் மென்பொருள் மட்டும் இந்த விதியைச் சரிவரப் பின்பற்றாமல் குழம்பி, புதிய ரூட்டரைக் காணாமலே இருந்துவிடுவதுண்டு.

அப்படியானால் ஒத்துப்போகும் என்பதே பொது விதி. பின் சிவப்பு விளக்கு ஏன்? காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

தடைகள் நான்கு

1. பெயரும் கடவுச்சொல்லும்: எக்ஸ்டெண்டர் பழைய ரூட்டரின் பெயரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே இட்டால் பல வீடுகளில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பழைய கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் அதைத் தொடர வேண்டாம். எக்ஸ்டெண்டரை முதல்நிலைக்குத் திருப்பிப் புதிதாக இணைப்பதே நல்லது.

2. அதிர்வெண்: புதிய ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை அணைக்கப்பட்டிருந்தால் நம் எக்ஸ்டெண்டருக்கு அது கண்ணில் படவே படாது. தடமும் பொருந்த வேண்டும். இந்தப் பட்டையில் 1 முதல் 13 வரை தடங்கள் இந்தியாவில் உண்டு. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11-ஆம் தடத்தோடு நின்றுவிடும். உறவினர் அங்கிருந்து கொண்டுவந்த எக்ஸ்டெண்டர், 13-ஆம் தடத்தில் பேசும் ரூட்டரைக் கேட்காது. ரூட்டரை 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றில் நிறுத்தினால் போதும்.

3. பூட்டு: காற்றில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்காதபடி மறைமொழியாக்கும் முறைகளும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. முதலில் வந்த டபிள்யூ.இ.பி. முறையின் பலவீனம் 2001-இல் வெளிப்பட்டது. இன்று அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 ஆகியவை வந்தன. புதிய ரூட்டர் டபிள்யூ.பி.ஏ.3 மட்டுமே ஏற்கும் நிலையில் இருந்தால், பழைய எக்ஸ்டெண்டருக்கு அந்தச் சாவி தெரியாது. பொத்தானை அழுத்தி இணைக்கும் எளிய வழியும் டபிள்யூ.பி.ஏ.3 முறையில் கிடையாது.

4. முகவரி: பழைய எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கம் 192.168.0 என்று தொடங்கும் முகவரியில் இருக்க, புதிய ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கலாம். அப்போது இணையம் வந்தாலும் அமைப்புப் பக்கம் திறக்காது. கருவி பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதை முதல்நிலைக்குத் திருப்பி, அதனோடு நேரடியாக இணைந்து அமைக்க வேண்டும்.

பூட்டைத் தளர்த்தலாமா?

மூன்றாவது தடையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பல ரூட்டர்களில் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், புதிய கருவிகள் புதிய பூட்டையும் பழையவை பழைய பூட்டையும் பயன்படுத்திக்கொள்ளும். இது ஏற்கத்தக்கது.

எக்ஸ்டெண்டருக்கு டபிள்யூ.பி.ஏ.2-உம் தெரியாது என்றால்? அங்கேதான் ரூட்டரை டபிள்யூ.இ.பி. முறைக்கு இறக்கிவிடும் ஆசை வரும். அது கூடவே கூடாது. அந்த வலையில் சேர்ந்த ஒவ்வொரு கருவியின் பேச்சும் வெளியார் காதுக்கு எட்டும் நிலைக்கு வந்துவிடும். அதோடு வேகமும் குறையும். டபிள்யூ.இ.பி. பூட்டோடு 'என்' வகையின் உயர் வேகங்களைப் பயன்படுத்த விதி இடம் தருவதில்லை. வேகம் பழைய 54 மெகாபிட் எல்லைக்குள் அடங்கிவிடும். ஒரு கருவியைக் காப்பாற்ற வீட்டையே அடகு வைப்பானேன்? அத்தகைய எக்ஸ்டெண்டருக்கு ஓய்வு கொடுத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. 2017-இல் பெல்ஜியத்து ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ.2 முறையில் கருவிகள் சாவி மாற்றிக்கொள்ளும் விதத்தில் ஓர் ஓட்டையைக் கண்டறிந்தார். அது கைப்பேசி, மடிக்கணினி போன்று ரூட்டரோடு இணையும் கருவிகளைத்தான் முக்கியமாகப் பாதித்தது. எக்ஸ்டெண்டரின் இரட்டை வேடம் நினைவிருக்கிறதல்லவா? ரூட்டருக்கு அதுவும் ஒரு கைப்பேசிதான்! ஆகவே தயாரிப்பாளர் அதன் பின் திருத்திய மென்பொருளை வெளியிட்டிருந்தால், அதை எக்ஸ்டெண்டரில் ஏற்றிக்கொள்வது அவசியம்.

ஓர் எளிய கணக்கு

விளக்கு பச்சையாகிவிட்டது. ஆனால் வேகம் பாதிதான் வருகிறது. ஏன்?

நம் எக்ஸ்டெண்டரில் ஒரே ஒரு வானொலி இருக்கிறது. அது ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இயலாது. 120 மெகாபிட் அளவுள்ள கோப்பு ஒன்று வரவேண்டும் என்று கொள்வோம். எக்ஸ்டெண்டரைச் சரியாக நடுவில் வைத்தால் இரு பக்கமும் நொடிக்கு 40 மெகாபிட் கிடைக்கிறது என்றும் கொள்வோம். வாங்க 3 நொடி, கொடுக்க 3 நொடி, மொத்தம் 6 நொடி. 120-ஐ 6-ஆல் வகுத்தால் 20. 40 பாதியாகிவிட்டது!

இப்போது அதே எக்ஸ்டெண்டரை மாடி அறைக்குள்ளேயே வையுங்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பதால் உங்கள் பக்கம் 120 மெகாபிட், ரூட்டர் பக்கம் 10 மெகாபிட் என்று கொள்வோம். வாங்க 12 நொடி, கொடுக்க 1 நொடி, மொத்தம் 13 நொடி. வேகம் நொடிக்கு 9.2 மெகாபிட்தான். கைப்பேசியில் அலைக்கோடுகள் முழுதாகத் தெரியும். ஆனால் பாடக் காணொளி நின்று நின்று ஓடும். கோடுகள் காட்டுவது எக்ஸ்டெண்டருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள வலிமையை மட்டுமே என்பது இப்போது புரிகிறதல்லவா? எக்ஸ்டெண்டருக்கு ஏற்ற இடம் நடுவழியே.

இரண்டு வானொலிகள் உள்ள எக்ஸ்டெண்டர் ஒரு பட்டையில் வாங்கிக்கொண்டே மறுபட்டையில் கொடுக்கும். அதனால் இந்தப் பாதி இழப்பு அதற்குப் பெரும்பாலும் இல்லை. ரூட்டரிலிருந்து கம்பி இழுத்து எக்ஸ்டெண்டரை இணைக்க வழியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய கருவிகள் பலவற்றின் கம்பித் துளை நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டாது.

செய்து பாருங்கள்

பெரியவர்களின் அனுமதியோடு, எக்ஸ்டெண்டரை ரூட்டருக்கு அருகிலும், நடுவழியிலும், உங்கள் அறையிலும் மாறி மாறிப் பொருத்துங்கள். கைப்பேசியை மட்டும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பை இறக்க ஆகும் நொடிகளை எண்ணி அட்டவணையிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். கருவியை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளே வீட்டு மின்னழுத்தம் இருக்கிறது.

விடை காணுங்கள்

1. ஒற்றை வானொலி எக்ஸ்டெண்டருக்கு ரூட்டர் பக்கம் நொடிக்கு 30 மெகாபிட், உங்கள் பக்கம் 60 மெகாபிட். உங்களுக்குக் கிடைக்கும் வேகம் என்ன?

2. 6-ஆம் தடத்தின் நடு அதிர்வெண் 2437 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் எவ்வளவு?

3. 2.4 கிகாஹெர்ட்ஸில் எக்ஸ்டெண்டர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் உள்ள மடிக்கணினி ஏன் பாதிக்கப்படுவதில்லை?

விடைகள்: 1. நொடிக்கு 20 மெகாபிட். 2. ஏறத்தாழ 12.3 சென்டிமீட்டர். 3. இரண்டும் வெவ்வேறு பட்டைகள். ஒன்றில் நடக்கும் பேச்சுக்காக மற்றொன்றில் உள்ள கருவி காத்திருக்க வேண்டியதில்லை.