கடைமடைக்கும் நீர்

புதுவைப் பகுதியில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே அமைந்த ஊர் கரிக்கலாம்பாக்கம். அவ்வட்டாரத்து மக்கள் ஏரிப் பாசனத்தை நன்கறிந்தவர்கள். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீரைக் கொணர்கிறது. ஏரியின் மதகு திறக்கப்படும்போது உழவர் நெஞ்சில் எழும் வினா ஒன்று உண்டு. தலைமடையில் பாயும் நீர் கடைமடைக்கும் எட்டுமா என்பதே அது. வாய்க்கால் தூர்ந்திருந்தாலும், மேலே உள்ளவர் அளவின்றித் திருப்பிக்கொண்டாலும், முதல் வயலின் பயிர் அழுகும். கடைசி வயலின் பயிர் கருகும். இரண்டும் ஒரே ஏரியின் நீரை நம்பியவையே.

இவ்வினா வயலுக்கு மட்டும் உரியதன்று. வீட்டு மாடியில் பத்துத் தொட்டிகளை வைத்துக் கீரையும் தக்காளியும் வளர்ப்பவர்க்கும் அஃது உரியதே. அத்தொட்டிகளில் மண்ணே இல்லையாயின், வினா மேலும் கூர்மையடைகின்றது.

மண்ணின்றிப் பயிர் வளருமோ என ஐயுறலாம். செடிக்கு இன்றியமையாதவை நீரும், காற்றும், ஒளியும், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலிய ஊட்டங்களுமே ஆகும். அவ்வூட்டங்களை நீரில் கரைத்துக் கொடுத்தால் வேர் அவற்றை ஏற்றுக்கொள்ளும். 1860-ஆம் ஆண்டையொட்டிச் செருமானிய அறிஞர்களாகிய சாக்சும் நாப்பும் இதனை ஆய்ந்து காட்டினர். 1930-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பார் இம்முறையால் தக்காளியைப் பெருமளவில் விளைவித்தார். நீர், உழைப்பு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நம் நாட்டில் 1946-இல் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் சோல்டோ டக்ளஸ் என்பார் எளிய செலவில் இதனைச் செய்துபார்க்கத் தொடங்கினார்.

இத்தொட்டிகளில் சரளைக்கல்லோ, சுட்ட களிமண் உருண்டையோ, தென்னைநார்க் கழிவோ நிரப்பப்படும். சரளையும் களிமண் உருண்டையும் வேரைத் தாங்கும். நீரை நெடுநேரம் தாங்கா. மண்ணில் நிற்கும் செடி ஒருநாள் நீர் பெறாவிடினும் மண்ணின் ஈரத்தைக்கொண்டு பிழைக்கக்கூடும். சரளையில் நிற்கும் செடிக்கோ நீரே உணவும் ஆதலால், சித்திரை வெயிலில் சில மணி நேரத் தவறும் பெருங்கேடாய் முடியும். எனவேதான் நீர் தானே பாயவேண்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒப்பவும் பாயவேண்டும்.

தானே சொட்டும் கலம் தமிழர்க்குப் புதியதன்று. கோடைக்காலத்தில் சிவன் கோயில்களில் இலிங்கத்திற்கு மேலே தாராபாத்திரம் தொங்கவிடப்படும். அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் ஓயாது சொட்டும். அதனைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கலம் நிறைந்திருக்கும்போது நீர் விரைந்து விழும். குறையக் குறைய மெல்ல விழும். துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் நான்கு மடங்கானால், வெளிப்படும் வேகம் இரு மடங்காகும். இவ்விதியை 17-ஆம் நூற்றாண்டில் கண்டவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. நீர்த்தொட்டிக்கு ஒரு மீட்டர் கீழே ஒரு துளையும், கால் மீட்டர் கீழே அதே அளவுள்ள மற்றொரு துளையும் இருப்பின், முன்னது பின்னதைப்போல் இரு மடங்கு நீர் பெறும் என்பது இதனால் விளங்கும். ஆகவே சொட்டும் வாய்கள் யாவும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். மேல்தொட்டியில் மிதவை பொருத்தி, நீர்மட்டம் குறையாமலும் காத்தல் வேண்டும்.

மட்டம் ஒன்றாயினும் மற்றொரு தடை உண்டு. குழாயின் உட்சுவரோடு உராய்ந்து செல்லும் நீர், செல்லச் செல்லத் தன் அழுத்தத்தை இழக்கின்றது. எனவே முதல் தொட்டி மிகுதியாகவும் கடைசித் தொட்டி குறைவாகவும் பெறும். இதற்கு மாற்று மூன்று. முதலாவது, தலைமைக் குழாய் அகன்றதாகவும், அதிலிருந்து பிரியும் கிளைக்குழாய்கள் மிகக் குறுகியனவாகவும் இருத்தல். இரண்டாவது, தலைமைக் குழாயின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குதல்; அப்போது நீர் இருபுறமிருந்தும் வந்து சேரும். மூன்றாவது, கிளைக்குழாய்கள் அனைத்தையும் ஒரே நீளமாக நறுக்குதல். அருகிலுள்ள தொட்டிக்குக் குட்டைக் குழாய் போதுமே என்று எண்ணலாகாது; எஞ்சிய நீளத்தைச் சுருட்டி வைத்தலே முறை.

பெரிய தோட்டங்களுக்குச் சொட்டுவாய்கள் உள்ளன. நீரை நீண்ட வளைந்த வழியிற் செலுத்தி, விரைவைத் தணித்துச் சொட்டவிடும் கருவியை இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர் சிம்கா பிளாஸ் உருவாக்கினார். 1960-களில் ஹட்செரிம் என்னும் கூட்டுப் பண்ணையில் அதன் உற்பத்தி தொடங்கப்பட்டது. பின்னர் வந்த சிலவகைச் சொட்டுவாய்களில் மெல்லிய இரப்பர்த் தகடு ஒன்று உண்டு. அழுத்தம் மிகுந்தால் அது வழியைக் குறுக்கும், தணிந்தால் வழிவிடும். ஆயினும் இவை செவ்வனே இயங்க ஓரளவு அழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த வாளி அதற்குப் போதாது. மின் இறைப்பி வேண்டும்.

அமைப்பு நிறைவுற்றதும் அதனைச் சோதித்தல் கடன். ஒவ்வொரு வாயின் கீழும் ஒரே அளவான குவளையை வைத்து, 15 நிமிடம் நீரை விடவேண்டும். மணிக்கு 2 லிட்டர் தரும் வாயாயின், குவளையில் 500 மில்லிலிட்டர் இருக்கும். ஒன்றில் 500-உம் மற்றொன்றில் 300-உம் இருப்பின் மட்டமோ, நீளமோ, அடைப்போ பிழை செய்தது என அறியலாம். ஊட்டக் கரைசலின் உப்புப் படிவும் பாசியும் வாய்களை அடைக்கும். கறுப்புக் குழாயும் மூடிய தொட்டியும் ஒளியைத் தடுப்பதால் பாசி வளராது. வடிகட்டியை அடிக்கடி கழுவுதலும் வேண்டும்.

கடிகாரப் பொறி குறித்த நேரத்தில் நீரைத் திறக்கும். ஆனால் மின்சாரம் நின்றதையும் ஒரு வாய் அடைபட்டதையும் அது தானே அறியாது. ஏரிப் பாசனத்தில் கடைமடை வரை நடந்து பார்த்து வருபவனே நல்ல காவலன். மாடித் தோட்டத்திலும் நாள்தோறும் முதலிற் காணவேண்டுவது கடைசித் தொட்டியையே. அங்கே இலை வாடாதிருப்பின், நீர் ஒப்பப் பாய்ந்தது என்று துணியலாம்.