வயிற்றுச் சுவரில் ஒரு கட்டி

வயிற்றில் கட்டி என்றதும் பீருமேட்டுத் தோட்ட லயங்களிலும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் நம்மவர்கள் சொல்லும் இரண்டு பேச்சுகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒன்று, "வெறும் கொழுப்புதான்". மற்றது, "கத்தி வைத்தால் பரவிவிடும்". செவிலியாகப் பணிபுரிந்த அனுபவத்தில் இதுபற்றிச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

கட்டி வயிற்றுக்கு உள்ளேயா, வயிற்றுச் சுவரிலா? மல்லாந்து படுத்து, கைகளை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார் மருத்துவர். தசை இறுகும்போது கட்டி மறைந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருப்பது. மறையாமல் கைக்குத் தட்டுப்பட்டால் சுவரில் இருப்பது. இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கமாக இருக்கலாம்.

சுவரில் வருபவற்றுள் மிகுதியானது கொழுப்புக்கட்டி. தோலுக்கடியில் மெத்தென்று நகரும், ஆபத்தில்லாதது. தொந்தரவு தந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, தசையோடு ஒட்டிக் கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, முதலில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அரிதாக அது சார்கோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். அப்படியானால் முதல் அறுவையிலேயே சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும்.

டெஸ்மாய்டு என்றொரு கட்டியும் உண்டு. 1832இல் மக்ஃபார்லேன் இதை விவரித்தார். 1838இல் ஜெர்மனியின் முல்லர் இப்பெயரை இட்டார். பிள்ளை பெற்ற பெண்களின் வயிற்றுத் தசையில் வரக்கூடியது. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் எடுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கக்கூடியது. சில கட்டிகள் தாமாகவே சுருங்குவதால், இன்று உடனே அறுக்காமல் ஸ்கேன் மூலம் கண்காணிப்பதே பெரும்பாலும் முதல் வழி.

என் சித்திக்கு வந்தது இதுதான். கொழுப்பு என்று சொல்லி ஓரிடத்தில் எடுத்தார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை; நாங்களும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. ஊசிப் பரிசோதனையில்தான் டெஸ்மாய்டு என்று தெரிந்தது. கண்காணித்தும் வளர்ந்ததால், தசையின் ஒரு பகுதியோடு எடுத்து, குடல் பிதுங்காதிருக்க வலை வைத்துத் தைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் முதல் முறையே தெரிந்திருந்தால் அவ்வளவு தசையை இழந்திருக்க வேண்டாமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் உண்டு.

ஆகவே கட்டியை எண்ணெய் தேய்த்து அழுத்தாதீர்கள். பரிசோதனைக்கு ஊசி குத்துவதற்கு அஞ்சாதீர்கள். கட்டி எடுத்தபின் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நாம் கோட்டயத்தில் ஒருமுறையும் கோவையிலோ தேனியிலோ மறுமுறையும் காட்டுகிறவர்கள். அந்த அறிக்கையை ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.