மணி கேட்கிறது; குரல் கேட்கவில்லை!

வீட்டு இணைப்பில் ஒழுங்காக வேலை செய்யும் இண்டர்நெட் டெலிபோன், விடுதிக்கு வந்ததும் ஊமையாகிவிடுவது ஏன்? ஊரைவிட்டுத் தொலைவில் படிக்கும் நம்மில் சிலருக்கு வீட்டாரின் குரலைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த டெலிபோன்தான். ஆகவே அதன் கோளாறை இனங்காணும் வழியை அறிந்திருத்தல் நலம்.

ஓர் அழைப்பு இரண்டு வேலைகளாகப் பிரிந்து நடக்கிறது என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். 'இன்னார் அழைக்கிறார்' என்று அறிவித்து மணியடிக்கச் செய்வது ஒன்று. இதை 'ஸிப்' என்னும் விதிமுறை கவனிக்கிறது. குரலைச் சிறு பொட்டலங்களாகச் சுமந்து செல்வது மற்றொன்று, இது 'ஆர்.டி.பி.' என்னும் விதிமுறையின் பணி. இரண்டும் வெவ்வேறு வாயில்கள் வழியே செல்வதால், ஒன்று திறந்திருக்க மற்றொன்று அடைபட்டிருக்கக் கூடும்.

அடுத்தது விலாசச் சிக்கல். இண்டர்நெட்டின் பழைய விலாச முறையில் ஏறத்தாழ 430 கோடி விலாசங்களே உண்டு. அவை போதாமையால், விடுதியிலுள்ள கருவிகளுக்கு 192.168 எனத் தொடங்குவது போன்ற உள்விலாசங்களைக் கொடுத்து, வெளியுலகுக்கு ஒரே விலாசத்தைக் காட்டுகிறார்கள். நம் டெலிபோனோ, 'குரலை இங்கே அனுப்புக' என்று உள்விலாசத்தையே எழுதிவிடுகிறது. விடுதியின் பெயரின்றி 'அறை எண் 12' என்று மட்டும் எழுதிய கடிதம் எங்கே போய்ச் சேரும்? நம் குரல் அவர்களுக்குக் கேட்க, அவர்கள் குரல் நமக்குக் கேளாமற் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆராயும் முறை வருமாறு:

1. விடுதியின் வைஃபையை விட்டு, கைப்பேசியின் சொந்த இணைப்பில் அழைத்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால், குறை விடுதியின் இணைப்பில் இருக்கிறது.

2. எந்த இணைப்பிலும் டெலிபோன் பதிவே ஆகவில்லையெனில், பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபாருங்கள். சில கம்பெனிகள் தம் இணைப்பிலிருந்து வருவோரை மட்டுமே அனுமதிக்கின்றன. அப்படியாயின் நாம் எதை மாற்றியும் பயனில்லை. வெளியிலிருந்து அணுக வழி உண்டா என்று அவர்களையே கேட்க வேண்டும்.

3. மணி அடித்தும் குரல் வராவிடில், கடவுச்சொல்லை மாற்றுவது வீண். 'ஸ்டன்' என்னும் அமைப்பை இயக்குங்கள். அது நம் வெளிவிலாசத்தைக் கண்டு சொல்லும். அதுவும் போதாவிடில், 'டர்ன்' இடைநின்று குரலை வாங்கிக் கொடுக்கும்.

4. பேச்சு சரியாக 32 வினாடியில் அறுகிறதா? அழைப்பை ஏற்ற கருவி, ஒப்புகைக்காக அரை வினாடியின் 64 மடங்கு காலம் காத்திருந்து, அது வராவிடில் தொடர்பை முடித்துவிடும். ரூட்டரிலுள்ள 'ஸிப் ஏ.எல்.ஜி.' விலாசங்களைக் குழப்புவது இதற்கு ஒரு காரணம். அதை நிறுத்திப் பார்க்குமாறு விடுதியின் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

5. நாம் அழைக்க முடிந்தும், பிறர் அழைத்தால் மணி அடிக்கவில்லையெனில், போக்குவரத்து இல்லாத வழியை ரூட்டர் மூடிவிட்டது என்று கொள்ளலாம். 30 வினாடிக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்பி, வழியைத் திறந்து வைக்குமாறு டெலிபோனில் அமைத்துக் கொள்ளுங்கள்.

அவசரச் செய்தி வரும் இரவில் இதையெல்லாம் ஆராய இயலாது. இன்றே ஊரிலிருந்து அழைக்கச் சொல்லி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பேசுங்கள். பத்து நிமிடம் சும்மா இருந்து, மீண்டும் அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் குரல் கேட்டால் டெலிபோனை நம்பலாம்.