ஊரைப் படிக்க ஒரு படிப்பு

"ஐயா, எனக்குக் கணக்கும் வரும், புவியியலும் பிடிக்கும். ரெண்டையும் விடாம என்ன படிக்கலாம்?" பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். புவியியல் ஆசிரியரான எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிச் சொன்னபோது விண்ணப்ப நாள் முடிந்திருந்தது. அவள் வேறு படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

நான் தாமதமாகக் கண்டறிந்தது, நகர மற்றும் வட்டாரத் திட்டமிடலுக்கான பி.பிளான் என்னும் நான்காண்டுப் பட்டப்படிப்பு. டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் இது உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் இதற்கெனத் தனித்தாள் உண்டு.

இதில் புள்ளியியல், பொருளியல், சமூகவியல், போக்குவரத்து, சூழலியல், சட்டம் எல்லாம் உண்டு. 'ஸ்டுடியோ' என்னும் பாடத்தில் மாணவர்கள் ஓர் உண்மையான ஊருக்குச் சென்று, அளந்து, மக்களிடம் கேட்டு, குழுவாகத் திட்டம் வரைகிறார்கள்.

ஏன் இத்தனை பாடங்கள்? சென்னை தியாகராய நகரைப் பாருங்கள். 1920களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி அது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. சாலை போடப் பொறியியல் போதும். மழைநீர் எங்கே போகும், தாழ்ந்த இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்றறிய வரலாறும் புவியியலும் சமூகவியலும் வேண்டும்.

1914இல் இந்தியா வந்த பேட்ரிக் கெடிஸ் அடிப்படையில் உயிரியல் அறிஞர். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். இடம், தொழில், மக்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; திட்டத்துக்கு முன் கள ஆய்வு வேண்டும் என்பது அவர் வழி.

அவ்வழியை எட்டாம் வகுப்பில் முயன்றேன். எங்கள் பள்ளி வாசலில் மழைநீர் தேங்கும். ஒரு குழு கொத்தனாரின் டியூப் லெவலால் சரிவை அளந்தது. ஒரு குழு பெரியவர்களிடம் பழைய வாய்க்காலைப் பற்றிக் கேட்டது. இன்னொரு குழு அவ்வழியே நடப்பவர்களை எண்ணியது. கணித ஆசிரியர் வரைபடத்துக்கும், தமிழாசிரியை அறிக்கைக்கும் உதவினார்கள். அறிக்கையைக் கிராம சபையில் கொடுத்தோம். வாய்க்காலில் பாதி தூர் வாரப்பட்டது. மீதிக்கு மாணவர்களே நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். நம் தாமதத்தால் இன்னொரு பிள்ளை வாய்ப்பை இழக்க வேண்டாம்.