பம்புசெட்டின் குண்டு பேரிங்கும் உருக்கின் களைப்பும்

விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களில் கிணற்றுப் பாசனத்தில் மார்கழிப் பட்டத்து மணிலா பயிராகிறது. விழுது இறங்கிக் காய் பிடிக்குந் தருணத்தில் தண்ணீர் தவறினால் மகசூல் குன்றும். அச்சமயத்தில் பம்புசெட்டு நின்றுவிடுவதற்குக் குண்டு பேரிங்கு கெடுவதும் ஒரு காரணமாகும். பேரிங்கு தேய்ந்துவிட்டதென்று கூறுவது வழக்கம். தேய்மானம் மட்டுமன்றி, உருக்கு உள்ளே களைத்துப் போவதும் உண்டு.

பேரிங்கு உருக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு கரியும் 1½ பங்கு குரோமியமும் சேர்ந்திருக்கும். நிமிஷத்திற்கு 1,440 சுற்றுச் சுழலும் மோட்டாரில் எட்டுக் குண்டுள்ள பேரிங்கு இருப்பின், அதன் வெளி வளையத்தின் ஒரே இடத்தைக் குண்டுகள் மணிக்குச் சுமார் 2½ லட்சம் தடவை அழுத்திச் செல்லும். அவ்வழுத்தத்தால் உலோகத்தை அறுக்கும் விசை மேற்பரப்பிலன்று, அதற்குச் சற்றுக் கீழேதான் உச்சமாகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போன்றதே இது.

பெரும்பளுவில் நெடுநாள் உழைத்த வளையத்தை அறுத்து, மெருகிட்டு, அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், மேற்பரப்பின் கீழ் முதலில் கருமையான பகுதியும், பின்னர் வெண்ணிறக் கீற்றுக்களும் காணப்படும். உருக்கினுள் தங்கிய கசடின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் வெண்மை விரிவதும் உண்டு. வெண்மையான இடங்களில் உருக்கின் நுண்ணமைப்பே மாறிவிட்டது. அங்கே தோன்றும் பிளவு மேற்பரப்பை எட்டினால் உருக்கு செதிலாகப் பெயர்ந்து விழும்.

ஸ்வீடன் தேசத்துப் பாம்கிரென் 1924-ல் வெளியிட்ட கணக்கின்படி, குண்டு பேரிங்கில் பளு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. பெல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கலாகாது. அந்த இழுப்பு முழுதும் பேரிங்கின் மேல் பளுவாகும்.

2. நேரே இணைத்த பம்பில் இரு அச்சுக்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

3. கசியும் நீர் பேரிங்கை அடையாமல் தடுக்க வேண்டும். நீர் துருவை உண்டாக்குவதோடு, அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருக்கினுட் புகுந்து பிளவை விரைவுபடுத்தும்.

4. கிரீஸ் சுத்தமாயிருத்தல் அவசியம். மணற்பொடி ஓடுபாதையில் குழி செய்தால், அங்கே மேலிருந்தே பிளவு தொடங்கும்.

5. பேரிங்கைப் பொருத்தும்போது அடி குண்டுகளின் வழியே செல்லலாகாது. அச்சின் மேல் ஏற்றுகையில் உள்வளையத்தின் மீது மட்டும் குழாயை வைத்துத் தட்டுக.

செதில் பெயர்ந்த பேரிங்கு எவ்வளவு கிரீஸ் இட்டாலும் குணமாகாது. சப்தம் மாறினாலும் சூடேறினாலும், பட்டம் தொடங்குமுன்னரே சோதித்துப் புதியது மாற்றுதல் நலம். கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.