கை காட்டினால் நிறுத்துங்கள், காசு கேட்டால் ரசீது கேளுங்கள்

கேள்வி: குரும்பலூரில் விவசாயம் செய்கிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம் ஏற்றிப்போகச் சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி இருக்கிறது. நானேதான் ஓட்டுவேன். போன மாதம் வழியில் வாகனத் தணிக்கைக்கு நிறுத்தினார்கள். செல்போனில் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் காட்டினேன். "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டு ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டார். அரைமணி நேரம் நின்ற பிறகு 500 ரூபாய் கொடுத்தேன். சாவி வந்தது, ரசீது வரவில்லை. எதற்கு அபராதம் என்றும் சொல்லவில்லை. இதைக் கேட்டதிலிருந்து கல்லூரியில் படிக்கும் என் மகன், "இனிமேல் போலீஸ் கை காட்டினால் பைக்கை நிறுத்தவே மாட்டேன்" என்கிறான். அவன் ஹெல்மெட்டும் போடுவதில்லை. வண்டியை யார் நிறுத்தலாம்? எதையெல்லாம் கேட்கலாம்? சாவியை எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

- வாசகர், குரும்பலூர்

பதில்: உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை பணத்தோடு போகிற விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது.

2018 மார்ச் 7. நம் பெரம்பலூருக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில், தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனை நடந்துகொண்டிருந்தது. பைக்கில் வந்த ஒரு தம்பதி நிற்காமல் போனார்கள். போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் விரட்டிச் சென்று வண்டியை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. வண்டி சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோனார். ஆயிரக்கணக்கானோர் சாலை மறியல் செய்தார்கள், ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். என்ன நடவடிக்கை எடுத்தாலும் போன உயிர் திரும்பவில்லை.

விரட்டுவது தவறு என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது: ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, நடுச்சாலையில் திடீரென்று பாய்ந்து மறிக்கக் கூடாது, கேமரா போன்ற வசதிகளைக் கொண்டு வழக்குப் பதிய வேண்டும். அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை என்றாலும், நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டி வாதாடலாம்.

ஆனால் போலீஸ் செய்யும் தவறு, உங்கள் மகன் நிற்காமல் போவதைச் சரியாக்கிவிடாது. சட்டப்படி இடும் கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 179ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம். தப்பி ஓடுவதிலும் பயனில்லை. நம்பர் பிளேட்டை வைத்து உரிமையாளர் பெயருக்குச் சலான் வந்துவிடும். அன்றைக்கு யார் ஓட்டினார்கள் என்று கேட்டால், 133ஆம் பிரிவின்படி உரிமையாளர் சொல்லியாக வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஹெல்மெட் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. 2015 ஜூலை 1 முதல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. 129ஆம் பிரிவு, பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் சேர்த்தே சொல்கிறது. தலையில் கவிழ்த்தால் மட்டும் போதாது, தாடைப் பட்டையையும் மாட்டியிருக்க வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு.

யார் கேட்கலாம்?

சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும் லைசென்ஸைக் கேட்கலாம் என்கிறது 130ஆம் பிரிவு. "கான்ஸ்டபிளுக்குக் காட்ட மாட்டேன், எஸ்.ஐ. வரட்டும்" என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் நிற்காது. சீருடை இல்லாதவர் கேட்டால், நீங்கள் யார் என்று தாராளமாகக் கேட்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் (நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போமே, அவர்தான்) வண்டியை நிறுத்தி ஆவணங்களோடு வண்டியின் நிலையையும் பார்க்கும் அதிகாரம் உண்டு.

இந்த அதிகாரம் தேவையானது. இரவில் பின்விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லாமல் போகும் கரும்பு டிராக்டரும், அரியலூர்ப் பக்கம் அளவுக்கு மீறிச் சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓடும் டிப்பரும் நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் குலைக்கக்கூடியவை என்பது உங்களுக்கே தெரியும். அவற்றை நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டும்.

செல்போனில் காட்டினால் போதுமா?

போதும். 2017 செப்டம்பரில் ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் கெடுபிடி இருந்தது. பலர் மனதில் இன்னும் அதுவே தங்கிவிட்டது. அதன்பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 139 மாறிவிட்டது. 2018 நவம்பரில் மின்னணு ஆவணத்துக்கு அனுமதி வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆவணத்தை மின்னணு முறையில் சரிபார்த்துவிட்டால், காகித வடிவத்தைக் கேட்கக் கூடாது. யார் சோதித்தார், எந்தத் தேதி, என்ன நேரம் என்பதும் இணையதளத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்தி ஓட்டுநரை அலைக்கழிக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ திறந்து காட்டினால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். கேலரியில் இருக்கும் போட்டோவும், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேனும் செல்லாது. நீங்கள் அன்று காட்டியது எது என்று யோசித்துப் பாருங்கள். கையில் எதுவுமே இல்லாவிட்டாலும், கேட்ட அதிகாரிக்கு 15 நாளுக்குள் சான்றொப்பமிட்ட நகலை நேரில் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ அதே விதி வழி தருகிறது.

சாவியை எடுக்கலாமா?

சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அது சொல்வது வண்டியைப் பறிமுதல் செய்வதைப் பற்றி. 207ஆம் பிரிவின்படி அதற்குரிய காரணங்கள் இவை: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது நிரம்பாதவர் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் தேவைப்படும் வண்டியைப் பெர்மிட் இல்லாமலோ அதன் நிபந்தனையை மீறியோ ஓட்டுவது. ஹெல்மெட் போடாதது இந்தப் பட்டியலில் இல்லை. லைசென்ஸ், பெர்மிட் குறைகளில் வண்டிக்குப் பதிலாக ஆர்.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுக்கவும் அதே பிரிவில் இடமுண்டு.

206ஆம் பிரிவின்படி சில குற்றங்களுக்கு லைசென்ஸைக் கைப்பற்றலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டுவது, அபாயகரமாக ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாமை போன்றவற்றில், கைப்பற்றிய லைசென்ஸைத் தகுதியிழப்பு நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். லைசென்ஸை நிறுத்திவைப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அதுவும் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான். சாலையில் நிற்பவர் அதை முடிவு செய்ய முடியாது. எதைக் கொடுத்தாலும் அதற்கான ஒப்புகையை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

500 ரூபாய் கொடுத்தது

சிறு குற்றங்களை நீதிமன்றம் போகாமல் அபராதத்தோடு முடித்துக்கொள்ள 200ஆம் பிரிவு வழி செய்கிறது. எந்த அதிகாரி வசூலிக்கலாம், எவ்வளவு என்பதை மாநில அரசு அறிவிக்கையால் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொகைகள் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்டன. எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை என்பது சலானில் இருக்கும். வண்டி எண்ணை வைத்து இ-சலான் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அங்கேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் குற்றம் செய்யவில்லை என்று நினைத்தால், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ரசீது இல்லாமல் கைமாறிய பணம் அரசு கஜானாவுக்குப் போகும் அபராதம் ஆகாது. இங்கே உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் விசாரணை அமைப்பிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் அந்த ஏழு நாள் கடந்துவிட்டது. எனவே அந்த 500 ரூபாயைப் பற்றிப் புகார் எழுதுமுன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பெரம்பலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், தகுதியுள்ளவர்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசமாகவே கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இனி இப்படி நடந்தால் தாமதிக்காமல் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064இல் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு, அடி, மிரட்டல் போன்றவற்றுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் மாநில மனித உரிமை ஆணையத்திடமும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். இடம், நேரம், சட்டையில் இருந்த பெயர்ப்பட்டை, வாகன எண் ஆகியவற்றைக் குறித்துவைத்திருந்தால் புகாருக்கு வலு சேரும்.

உங்கள் லோடு வண்டிக்கு

மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து பதிவில் காட்டியுள்ள எடை, 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 66ஆம் பிரிவின்படி பெர்மிட்டே தேவையில்லை. சின்ன லோடு வண்டிகள் பல இதற்குள் அடங்கும். உங்கள் ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். இலகு ரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைத் தனி ஒப்பம் இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. "இந்த லைசென்ஸில் லோடு வண்டி ஓட்டக் கூடாது" என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

பெர்மிட் வேண்டாம் என்பதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேண்டாம் என்று ஆகாது. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். மக்காச்சோள அறுவடை நாட்களில் ஓவர்லோடு ஆசை வரும். பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோக மறுத்தால் 40,000 ரூபாய்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. களையெடுக்க, வெங்காயம் பிடுங்கக் கூலியாட்களை வண்டியின் பின்னால் ஏற்றிப்போகும் வழக்கம் நம் பக்கம் உண்டு. சரக்கோடு வரும் சரக்கின் சொந்தக்காரருக்கு இன்சூரன்ஸில் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வருபவர்களுக்கு இழப்பீடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் அந்தக் கூலியாட்களின் குடும்பங்களுக்கான இழப்பீட்டுக்காக உங்கள் நிலமே ஜப்திக்கு வரக்கூடும். தணிக்கையில் உங்களை நிறுத்தி ஆட்களை இறக்கிவிடும் காவலர், அன்றைக்கு உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

இன்றே மூன்று வேலையை முடியுங்கள். டிஜிலாக்கரில் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் பெற்று வையுங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் முடியும் தேதிகளைப் பாருங்கள். மகனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். ஆவணமும் ஹெல்மெட்டும் சரியாக இருக்கும் பிள்ளை போலீஸைக் கண்டு ஓட வேண்டிய அவசியமில்லை. கை காட்டினால் ஓரமாக நிறுத்தட்டும், கேட்டதைக் காட்டட்டும், அபராதம் என்றால் ரசீது வாங்கட்டும். சட்டம் அவனிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.