நோன்பாளியும் வயிற்று மருந்தும்

புனித ரமளான் வந்துவிட்டால் நம் இல்லங்களில் உண்ணும் நேரம் மாறிவிடுகிறது. மூன்று வேளை உணவு போய், ஸஹர், நோன்பு திறத்தல் என்று இரு வேளைகளே மிஞ்சுகின்றன. திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் நோன்பு ஏறக்குறைய 13 மணி நேரம் நீளும். கோடையில் 14 மணியை எட்டும். உணவு நேரம் மாறும்போது வயிற்று மருந்தின் நேரமும் மாற வேண்டுமல்லவா? இதையறியாமல் சிலர் மருந்தை விட்டுவிட்டு நோன்பு நோற்று அவதிப்படுகிறார்கள். வேறு சிலர் மருந்துக்காக நோன்பையே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் அவசியமில்லை.

முதலில் மருந்து வேலை செய்யும் விதத்தை அறிவோம். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் வயிற்றிலுள்ள அமிலத்தை நேரே முறிப்பவை அல்ல. அவை குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும் வயிற்றுச் சுவரின் செல்களை அடைகின்றன. அச்செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உள்ளன. பட்டினியில் அவற்றில் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கும். உணவு வந்ததும் விழித்துக்கொள்ளும். விழித்த பம்பைத்தான் மருந்து பிடித்து அடைக்க முடியும். மருந்தோ சில மணி நேரத்திற்குள் இரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பாக விழுங்கினால், பம்புகள் விழிக்கும் நேரத்தில் மருந்து அங்கே காத்திருக்கும். வயிறு நிறைய உண்டபின் விழுங்கினாலும், விழுங்கிவிட்டு உண்ணாமல் படுத்தாலும் பலன் குறைந்துவிடும்.

இப்போது ரமளானுக்கு வருவோம். ஸஹருடைய கடைசி நிமிடத்தில், சோறும் குழம்பும் உண்டபின், தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். இது சரியான முறையன்று. விழித்தவுடன் முதல் வேலையாக மாத்திரையை விழுங்கட்டும். பிறகு ஒளுச் செய்து தஹஜ்ஜுத் தொழுது, அரைமணி கழித்து உணவில் அமரட்டும்.

மாலையிலோ நமது மார்க்கமே வழிகாட்டுகிறது. மக்ரிப் தொழுகைக்கு முன் பேரீச்சம்பழத்தாலும், அது இல்லையெனில் தண்ணீராலும் நோன்பு திறப்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். ஒரு பேரீச்சம்பழமும் மிடறு தண்ணீரும் வயிற்றை நிரப்பிவிடா. அத்துடன் மாத்திரையை விழுங்கி, மக்ரிபும் ஸுன்னத்தும் தொழுது, அதன்பின் கஞ்சி அருந்தினால் இடைவெளி தானே கிடைத்துவிடும். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஸ்ரீரங்கத்தில் வேலை முடித்துத் திருச்சி திரும்புவோருக்குக் காவிரிப் பாலத்தின் மேலேயே நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடுவதுண்டு. அவர்கள் பழத்தோடு மாத்திரையையும் பையில் வைத்துக்கொள்ளட்டும். வீடு சேரும்போது உண்ணும் நேரமாகியிருக்கும்.

ஒரு வேளை மாத்திரை எனில் ஸஹருக்கா, மாலைக்கா என்பதை டாக்டரிடம் ரமளானுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இரு வேளை எனில் இரண்டிற்கும் இம்முறையே. மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அமிலத்திலிருந்து அதைக் காக்கும் மேலுறை கெட்டுவிடும். முழுப்பலன் தெரியச் சில நாட்களாகும். எனவே இரண்டு நாளில் நிறுத்திவிடக் கூடாது.

திரவ மருந்தின் கதை வேறு. அது வயிற்றிலுள்ள அமிலத்தை நேரடியாக முறிப்பது. வெறும் வயிற்றில் விரைவில் வெளியேறிவிடும். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் நெடுநேரம் நிற்கும். தராவீஹுக்குப் புறப்படுமுன் அருந்தலாம். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உட்கொள்ள வேண்டாம். வயிறு நிறைய வடையும் சமோசாவும் உண்டு ஸுஜூதில் குனிந்தால் அமிலம் மேலேறும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

பட்டினியால்தான் புண் வருகிறது என்று பலரும் எண்ணுகிறோம். 1982-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். வயிற்றுப்புண்ணுக்கு அதுவே பெருங்காரணம் என்று நிரூபணமாகி, 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகள் மற்றொரு காரணம். ஆகவே நோன்பைக் குறைகூறாமல் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஸஹர் நேரம் முடிந்தபின் மாத்திரையைத் தண்ணீரின்றி விழுங்கினாலும் நோன்பு முறியும். அதேசமயம், இரத்த வாந்தியோ, தார்போன்ற கருப்பு மலமோ, தாங்கவொண்ணா வலியோ கண்டால் நோன்பை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் கசியும் புண் உயிரைப் பறிக்கக்கூடியது. நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹுத் தஆலா அல்பகறா அத்தியாயம் 184-வது வசனத்தில் சலுகை அளித்திருக்கிறான். டாக்டர் தடுத்த பின்னும் பிடிவாதம் பிடிப்பது தக்வா ஆகாது. குணமானபின் களாச் செய்துகொள்ளலாம்.

உடலும் அவன் தந்த அமானிதமே. அதைப் பேணியபடி நோன்பை நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.